வாசலில் நின்ற கால்

வியாழக்கிழமை நாலு மணிக்கு நல்லமுத்து வருவான். விநாசித்தம்பி மூன்றரைக்கே தயாராகிவிடுவார். தேத்தண்ணி கலந்து பிளாஸ்கில் ஊற்றி, பிளாஸ்கையும் பிஸ்கட் டின்னையும் இரண்டு கோப்பையையும் துணிப்பையில் போட்டு, அந்தப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொள்வார். இரண்டு கையும் ஊன்றுகோல்களுக்கே சரியாகப் போய்விடுகிற மனிதருக்குக் கழுத்தை விட்டால் வேறு சுமைதாங்கி ஏது? அடுப்படியிலிருந்து முன்வாசல் வரை பதினொரு எட்டு. பை நெஞ்சில் இடித்துக் கிலுங்க, மெல்ல வந்து சேர்வார். வாசற்படிக்கு வெளியே, காரிடாரில், சுவரோரமாக அவருடைய வலது கால் செருப்பு கிடக்கும். அதன் பக்கத்தில் அவருடைய இடது கால் நிற்கும்.

அந்தக் காலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பினாங்கு ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியின் தரைத்தளத்தில் இருந்த யாரும் அதற்கு முன் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. விநாசித்தம்பியின் சொந்த இடது காலை இனிப்புநீர் நோய் கொண்டு போயிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்கு ஒரு வருஷம் முன்புதான் மனைவி தவமணி போயிருந்தாள். பிள்ளை குட்டி கிடையாது. ஆளும் போய்க் காலும் போன வீட்டில் அவர் ரேடியோவோடு இரண்டு வருஷம் ஓட்டினார். தொண்ணூற்றொன்றாம் ஆண்டு தொடக்கத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி அவர் பெயரைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தாள். அங்கே ரப்பர், பிளாஸ்டிக் ஆராய்கிற பிரிவில் டாக்டர் நோர்மா என்ற விரிவுரையாளர் ஒரு காலைக் கண்டுபிடித்திருந்தார். எண்ணெய் பிழிந்த பிறகு ஆலைக்காரன் குப்பையில் கொட்டுகிற செம்பனைக் குலையின் நாரையும் நம் தோட்டத்து ரப்பர் பாலையும் சேர்த்து, அச்சில் வேகவைத்துச் செய்த பாதம் அது. வெளிநாட்டுக் காலின் விலையில் பத்தில் ஒரு பங்கு. செருப்பு, சப்பாத்து எதுவும் வேண்டாம். வெறுங்காலாகவே தார்ச் சடக்கில் நடக்கலாம், வீட்டுக்குள்ளும் நடக்கலாம் என்பதுதான் அதன் பெருமை. ஐந்து விரல்கள் இருந்தன. நகம்கூட இருந்தது.

பன்னிரண்டு பேருக்கு அந்தக் காலைக் கொடுத்து ஆறு மாதம் சோதித்துப் பார்த்தார்கள். சோதனை முடிந்ததும் காப்புரிமைக்கு எழுதிப் போடுவார்கள். நிபந்தனை ஒன்றுதான். தினமும் எட்டு மணி நேரமாவது போட்டு நடக்க வேண்டும், எத்தனை மணி நேரம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். நடக்காதவரிடமிருந்து காலை வாங்கி வரிசையில் காத்திருக்கிற அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

விநாசித்தம்பி நடந்தார். பசாருக்கு நடந்தார், பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பினார். ஊன்றுகோல் இல்லாமல், கையில் ஒரு குடையோடு மட்டும் நடந்தபோது நாற்பது வயசு குறைந்த மாதிரி இருந்தது. ஆனால் வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

முதல் நாளே நின்றார். அந்தப் பாதத்தின் அடி சடக்கை மிதித்திருந்தது, பசார் மீன் தண்ணியை மிதித்திருந்தது, இன்னும் எதை எதையோ மிதித்திருந்தது. புதுச் செருப்பு வாசனை வேறு அடித்தது. கூடத்தில் சாமிப் படம், அதற்குக் கீழே தவமணியின் படம். தவமணி இருந்த காலத்தில் மீட்டர் பார்க்க வந்தவனைக்கூடச் சப்பாத்தைக் கழற்ற வைத்துத்தான் உள்ளே விட்டாள். கடைசி நாட்களில் வாய் பேச முடியாமல் கிடந்தபோது ஒரு டாக்டர் சப்பாத்தோடு உள்ளே வந்தார். தவமணி கண்ணைத் திறந்து, விரலைத் தூக்கி, அவருடைய காலைக் காட்டினாள். அவள் இந்த உலகத்தில் கடைசியாகச் சொன்னது அதுதான். அப்படிப்பட்ட வீட்டுக்குள் சடக்கை மிதித்த ரப்பரோடு எப்படி நுழைவது? விநாசித்தம்பி வாசலில் உட்கார்ந்து, வலது செருப்பைக் கழற்றினார், இடது காலையும் கழற்றினார், இரண்டையும் ஜோடியாக வைத்துவிட்டு ஊன்றுகோலோடு உள்ளே போனார். இது பிழை என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ரப்பர் என்றால் செருப்புதானே.

அன்று சாயங்காலம் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. எத்தனை மணி நேரம்? கணக்குப் பார்த்தால் அரை மணி. அரை என்று எழுதினால் காலைத் திருப்பி வாங்கிவிடுவார்கள். கால் போனால் போகட்டும், அதுதான் ஏற்கெனவே ஒருமுறை போனதாயிற்றே. ஆனால் வாரா வாரம் வியாழக்கிழமை வீட்டுக்கே வந்து பாதத்தை அளந்துபோக ஒரு ஆளை அனுப்புவோம் என்று சொல்லியிருந்தார்கள். கால் இல்லையென்றால் அந்த ஆளும் வரமாட்டான்.

விநாசித்தம்பி துறைமுக ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் கிளார்க்காக இருந்தவர். தேதி போடாமல் ஒரு துண்டுக் காகிதத்தைக் கீழே வைத்ததில்லை. எழுதியதை அடித்துத் திருத்தியதில்லை. அப்பேர்ப்பட்டவர் பேனாவை எடுத்து, அழகான கையெழுத்தில், 8 என்று எழுதினார்.

மறுநாளும் எழுதினார். மார்ச்சுக்குள் அந்தப் பத்தி முழுக்க எட்டாக நிறைந்துவிட்டது.

நல்லமுத்து அந்த ஆய்வுக்கூடத்தின் டெக்னீசியன். நாற்பது வயசிருக்கும். சுங்கை பினாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவான். ரப்பர் பாலைக் கலக்குவது, நாரைச் சீவுவது, அச்சில் ஊற்றி வேகவைப்பது எல்லாம் அவன் கைவேலைதான். டாக்டர் நோர்மா தலை என்றால் இவன் கை. விநாசித்தம்பி காரிடாரில் போட்டிருந்த பெஞ்சில் காலை மாட்டிக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருப்பார். அவன் குனிந்து குதிகாலின் தடிப்பை அளவுகோலால் மூன்று இடத்தில் அளப்பான்.

"வலி இருக்கா ஐயா?"

"இல்லை."

"வெடிப்பு, கீறல்?"

"ஒண்டுமில்லை. நீங்களே பாருங்கோவன்."

"தேயவே இல்லை லா!" என்று அவன் ஒவ்வொரு வாரமும் ஆச்சரியப்படுவான். "மத்தவங்க காலெல்லாம் தேஞ்சிக்கிட்டு வருது. நீங்க மட்டும் பூ மேல நடக்கிற மாதிரி நடக்கிறீங்க. டாக்டர் உங்க புக்கைத்தான் எல்லாருக்கும் காட்டுறாங்க. இதுதான் புக்கு, இப்படி எழுதணும்னு."

விநாசித்தம்பி எங்கோ பார்த்துக்கொண்டு தேத்தண்ணியை ஊற்றுவார்.

அளப்பதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது. ஆனால் நல்லமுத்து ஒரு மணி நேரம் இருப்பான். பெரிய பேச்சு ஒன்றுமில்லை. மகளுக்குப் பள்ளியில் கணக்கு வரவில்லை என்பான். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் வேலை செய்கிற மனைவிக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட் என்பான். ஒருநாள் அவன் அப்பாவைப் பற்றிச் சொன்னான். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்.

"உங்க ஆபீஸ் வாசல்லதான் நின்னிருப்பாரு ஐயா, காலையில பேர் குடுக்க. நீங்ககூட அவரு பேரை எழுதியிருப்பீங்க."

"எழுதியிருப்பன்," என்றார் விநாசித்தம்பி. எத்தனையோ பேரை எழுதியிருக்கிறார். ஒரு முகமும் ஞாபகம் இல்லை. அவர்கள் வாசலுக்கு வெளியே நின்றார்கள், இவர் மேசைக்குப் பின்னால் இருந்தார், அவ்வளவுதான் ஞாபகம்.

ஏப்ரலில் ஒரு வியாழன் பெருமழை பிடித்துக்கொண்டது. சாரல் காரிடாருக்குள் சரிந்து அடித்தது. பெஞ்சு நனைந்தது, நல்லமுத்துவின் முதுகு நனைந்தது. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே பிரம்பு நாற்காலிகள் இரண்டும் காய்ந்து கிடந்தன. நல்லமுத்து ஒருமுறை கதவைப் பார்த்தான். உள்ளே போவதென்றால் விநாசித்தம்பி அவன் கண் முன்னால் காலைக் கழற்ற வேண்டும். கழற்றினால் எல்லா எட்டும் வெளியே வந்துவிடும். அவர் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்லமுத்து சிரித்துவிட்டு, பிஸ்கட் டின்மேல் தன்னுடைய ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைத்தான்.

"பிஸ்கட் நனையாம இருந்தாப் போதும் ஐயா," என்றான்.

அவன் போன பிறகு வீடு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ரேடியோ பேசும். அதற்குப் பதில் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை விடிந்ததுமே அடுத்த வியாழனுக்கு இன்னும் ஆறு நாள் என்று மனசு எண்ண ஆரம்பித்துவிடும்.

ஜூன் மாதம் ஒரு வியாழன் நல்லமுத்து நாலரைக்கு வந்தான். முகம் சரியில்லை. அளவுகோலை வெளியே எடுக்கவே இல்லை.

"காமாரியாவைத் தெரியுமா ஐயா? இங்க உங்க பசார்லதான் கூவே பலகாரம் விக்கிறாங்க. அவங்களும் நம்ம பன்னெண்டு பேர்ல ஒருத்தங்க."

விநாசித்தம்பிக்குத் தெரியும். பசாரில் பார்த்திருக்கிறார். ஒருவர் மற்றவரின் காலைப் பார்த்துச் சிரித்துக்கொள்வதுண்டு.

"திங்கக்கிழமை காலு குதிகால்ல பொளந்துக்கிச்சு. தட்டோட விழுந்துட்டாங்க. கை எலும்பு முறிஞ்சிருச்சு."

"ஐயோ. ஏனாம் பிளந்தது?"

"அதான் விஷயம்." நல்லமுத்து கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உருட்டினான். "அவங்க காலும் உங்க காலும் ஒரே நாள்ல செஞ்சது ஐயா. ஒரே கலவை, ஒரே வாளி. வேகவெச்சதுதான் ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணு. உங்க காலு அஞ்சு மாசமா தினம் எட்டு மணி நேரம் நடந்தும் ஒரு கீறல் இல்லை. அப்போ கலவையில தப்பில்லைன்னு கமிட்டியில சொல்றாங்க. கலவை சரின்னா வேகவெச்சதுலதான் தப்பு. வேகவெச்சது யாரு? நான்."

"நீங்கள் பிழை விட்டனீங்களோ?"

"இல்ல ஐயா. நாப்பது நிமிஷம் வேகணும், வெச்சேன். ஆனா அன்னைக்கு அவங்க காலு வேகும்போது மகளுக்குக் காய்ச்சல்னு ஸ்கூல்லேர்ந்து போன் வந்துச்சு. போய் வீட்டுல விட்டுட்டு வந்தேன். யார்கிட்டயும் சொல்லிட்டுப் போகல. அவசரத்துல அச்சை முன்னாடியே திறந்துட்டேன்னு இப்போ நெனைக்கிறாங்க. திங்கக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. ஸ்டோருக்கு மாத்துவாங்க, இல்லன்னா கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்க மாட்டாங்க." அவன் விநாசித்தம்பியின் இடது பாதத்தைத் தட்டினான், ஒரு குழந்தையைத் தட்டுவதுபோல. "இந்தக் காலுதான் என்னை மாட்டிவிட்டிருச்சு. இவ்வளவு நல்லா இருக்கக்கூடாது லா இது."

உண்மை விநாசித்தம்பியின் வாய் வரைக்கும் வந்துவிட்டது. வந்தது அங்கேயே நின்றுகொண்டது. நல்லமுத்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான். மோட்டார் சைக்கிள் சத்தம் வளைவில் தேய்ந்து மறைகிறவரை அவர் பெஞ்சிலேயே இருந்தார்.

வெள்ளி, சனி, ஞாயிறு. அந்த மூன்று நாளும் அவர் பட்ட பாட்டைக் கால் எடுத்தபோதுகூடப் படவில்லை. உண்மையைச் சொன்னால் வியாழக்கிழமை போய்விடும். சொல்லாவிட்டால் வியாழக்கிழமையைக் கொண்டு வருகிற மனிதனின் பிழைப்பு போய்விடும். நியாயமாகப் பார்த்தால் இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் சனிக்கிழமை மத்தியானம், ஒருபிடி அரிசியைக் கழுவிக்கொண்டிருந்தபோது, அவருக்கு ஒரு எண்ணம் வந்தது. நல்லமுத்துவை மாற்றினால் அளப்பதற்கு வேறு யாரையாவது அனுப்பத்தானே செய்வார்கள்? அந்த ஆளும் பேசுவான், அந்த ஆளும் தேத்தண்ணி குடிப்பான்.

அரிசி கையிலிருந்து வழிந்து தொட்டியில் விழுந்தது. தனிமை மனிதனை இவ்வளவு கேவலமாக ஆக்கும் என்று அவர் நினைத்ததில்லை. அன்று அவர் சாப்பிடவில்லை. தவமணியின் படத்தைப் பார்க்கவும் கூச்சமாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் வெள்ளைச் சட்டை போட்டு, வாசலில் காலை மாட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். கொம்தாரில் இறங்கிப் பஸ் மாறினார். நோட்டுப் புத்தகம் சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டியிருந்தது. பல்கலைக்கழக வாசலில் இறங்கி, மேட்டில் ஏறி, நாலு பேரிடம் வழி கேட்டு அந்த அறையைக் கண்டுபிடித்தபோது பத்து மணி தாண்டிவிட்டது.

நீள மேசையில் டாக்டர் நோர்மாவும் வேறு இரண்டு அதிகாரிகளும் இருந்தார்கள். மேசை நடுவில் காமாரியாவின் பாதம் வாளால் இரண்டாக அறுக்கப்பட்டுக் கிடந்தது. நல்லமுத்து உட்காரவில்லை. சுவரோரமாக நின்றிருந்தான். விநாசித்தம்பியைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. தனக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டான்.

விநாசித்தம்பி துறைமுக ஆபீஸ் ஆங்கிலத்தில், நின்றபடியே பேசினார். நோட்டுப் புத்தகத்தை மேசையில் வைத்தார்.

"இதில் உள்ள எட்டு எல்லாமே பொய். நான் ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் நடந்தேன். பசாருக்குப் போகிற நாளில் ஒரு மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் இந்தக் கால் வாசலில் நின்றது."

டாக்டர் நோர்மா நோட்டுப் புத்தகத்தை இழுத்துப் பக்கங்களைப் புரட்டினார். அடித்தல் திருத்தல் இல்லாத பக்கங்கள். எல்லோருக்கும் காட்டிய புத்தகம். தினம் எட்டு மணி நேரம் நடந்தும் ஏன் தேயவில்லை என்று கேட்டிருக்க வேண்டும், ஆனால் நாம் ஆசைப்பட்ட பதில் கிடைத்துவிட்டால் யார்தான் மறுகேள்வி கேட்கிறார்கள்? அவர் பென்சிலை எடுத்து ஓரத்தில் ஏதோ கணக்குப் போட்டார்.

"மொத்தமே நூறு மணி நேரம்கூட வராது," என்றார் மெதுவாக. "காமாரியா ஆயிரத்து இருநூறு மணி நேரம் நடந்திருக்கிறார். அப்படியென்றால் வேகவைத்ததில் தவறில்லை. நார் ஈரத்தை உறிஞ்சி ரப்பரை விட்டு விலகுகிறது. மற்ற பத்தும் பிளக்கும்." பென்சிலைக் கீழே வைத்தார். "எங்களிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் காலைத் திருப்பி வாங்கியிருப்பீர்கள்."

"ஆமாம். வாங்கியிருப்போம்." அவர் பொய் சொல்லவில்லை. "வீட்டுக்குள் ஏன் போடவில்லை?"

"செருப்போடு நாங்கள் வீட்டுக்குள் போவதில்லை, டாக்டர்."

டாக்டர் நோர்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபம்தான். ஆனால் கோபத்துக்குப் பின்னால் அழுகை மாதிரி ஒன்று இருந்தது. "எங்கள் வீட்டிலும்தான் செருப்பு உள்ளே வராது. அதனால்தானே இதைச் செருப்பாகச் செய்யாமல் காலாகச் செய்தேன். ஐந்து விரல் வைத்தேன். நகம் வைத்தேன். நகம் உள்ள செருப்பை எங்கே பார்த்தீர்கள், ஐயா?"

விநாசித்தம்பி குனிந்து அந்த நகங்களைப் பார்த்தார். அறுபது வயசுக்கு மேல் ஒருவருக்குத் தான் முட்டாள் என்று தெரிய வருவது சின்ன விஷயமில்லை.

எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. நல்லமுத்துமேல் குற்றமில்லை என்று எழுதினார்கள். மற்றவர்களின் கால்களை உடனே திரும்பப் பெறுவது என்று எழுதினார்கள். காப்புரிமைத் தாள்கள் மேசை இழுப்பறைக்குள் போயின. நாரைப் பக்குவப்படுத்தி முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஒரு வருஷம் ஆகும், இரண்டும் ஆகலாம். பொய்ப் பதிவு செய்தவர் பெயரை இனி எந்தச் சோதனையிலும் சேர்ப்பதில்லை என்பது விதி. அதையும் எழுதினார்கள். வியாழக்கிழமை ஆள் வந்து காலை வாங்கிக்கொள்வான்.

நல்லமுத்து பஸ் நிறுத்தம் வரை கூட வந்தான். வழி முழுக்க இரண்டு எட்டு முன்னாலேயே நடந்தான். திட்டினாலாவது பரவாயில்லை என்று விநாசித்தம்பிக்கு இருந்தது. நிறுத்தத்தில் நின்ற பிறகு, பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அப்போ, அன்னைக்கு மழையில... அதுக்காகத்தான் என்னை உள்ள கூப்பிடலையா?"

"ஓம். உள்ள வந்தால் காலைக் கழட்ட வேணும். கழட்டினால் தெரிஞ்சிடும்."

நல்லமுத்து தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"நான் வேற மாதிரி நெனைச்சிட்டேன் ஐயா. எங்கப்பா மூட்டை தூக்கினவரு, நீங்க யாழ்ப்பாணத்து ஆளு, அதான் வாசல்லயே வெச்சுப் பேசுறீங்கன்னு. வீட்டுல சம்சாரம்கூடச் சொல்லிச்சு, அஞ்சு மாசமா உள்ள கூப்பிடாத மனுசன் வீட்டுல என்ன ஒரு மணி நேரம் பேச்சுன்னு. நான்தான், போனாப் போகுது, பாவம் தனியா இருக்கிறாருன்னு வந்துக்கிட்டு இருந்தேன்."

இல்லை தம்பி, அப்படி ஒன்றுமில்லை என்று விநாசித்தம்பி உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயைத் திறந்தார். கால் என்ற ஒன்று இல்லாதிருந்தால் முதல் நாளே இவனை உள்ளே கூப்பிட்டிருப்பேனா என்று மனசு கேட்டது. அவருடைய அப்பா வீட்டில் துறைமுகத்து ஆட்கள் பின்பக்கம்தான் வந்து போவார்கள். தானும் தவமணியும் இந்த வீட்டில் அப்படி யாரையாவது உட்கார வைத்திருக்கிறோமா என்று யோசித்துப் பார்த்தார். ஒரு பொய்யில் இருந்து இப்போதுதான் கரையேறியிருந்தார். இன்னொன்றில் இறங்க முடியவில்லை. அதற்குள் பஸ் வந்துவிட்டது.

வியாழக்கிழமை. மூன்றரைக்கு அவர் அடுப்பில் தண்ணீர் வைத்தார். பிளாஸ்கை எடுக்கவில்லை. ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்து, படியில் உட்கார்ந்து காலை மாட்டினார். பிறகு ஒரு ஈரத்துணியால் அதன் அடிப்பாதத்தைத் துடைத்தார். குதிகால், பாதத்தின் வளைவு, விரல்களுக்கு நடுவில் எல்லாம் துடைத்தார். துணி கறுத்தது. அலசிவிட்டு மறுபடியும் துடைத்தார். பிறகு எழுந்து, வாசலைத் தாண்டி இடது காலை உள்ளே வைத்தார்.

தவமணி படத்திலிருந்து பார்த்தாள். விரல் ஒன்றும் நீளவில்லை.

சிமெண்டுத் தரையில் அந்தப் பாதம் சத்தமே போடவில்லை. கூடத்தில் நடந்தார். படுக்கையறைக்குப் போனார், திரும்பி வந்தார். ஜன்னலை இரண்டு கையாலும் திறந்தார். இரண்டரை வருஷமாக எட்டாத மேல்தட்டிலிருந்து பூப்போட்ட தட்டத்தை எடுத்தார். இந்த ஐந்து மாதமும் ஒவ்வொரு நாளும் இப்படி இருந்திருக்கலாம். அதை நினைத்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக் கை ஓய்வாக இருந்தது.

நாலு மணிக்கு மோட்டார் சைக்கிள் வந்தது. நல்லமுத்து ஒரு ஃபாரத்தையும் பழைய செய்தித்தாளையும் எடுத்துக்கொண்டு வந்து, பழக்கப்படி பெஞ்சில் உட்காரப் போனான்.

"உள்ள வாங்கோ தம்பி."

அவன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். பிரம்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். விநாசித்தம்பி அடுப்படிக்குப் போய், இரண்டு கோப்பைத் தேத்தண்ணியைத் தட்டத்தில் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். பதினொரு எட்டு. கொஞ்சம்கூடச் சிந்தவில்லை. நல்லமுத்து எழுந்து வாங்கப் போனான்.

"இருங்கோ. நானே தாறன்."

கொடுத்தார். அவன் குடித்தான். சீனி போதுமா என்று கேட்டார். போதும் என்றான். மகளுக்குக் கணக்கு எப்படி என்று கேட்டார், இந்தத் தடவை ஐம்பது எடுத்துவிட்டாள் என்றான். நல்லமுத்து சுவரையும் படங்களையும் பார்த்தான். கடைசியில் ஃபாரத்தை நீட்டினான். விநாசித்தம்பி தேதி போட்டுக் கையெழுத்திட்டார். நாற்காலியில் இருந்தபடியே வாரை அவிழ்த்து, காலைக் கழற்றி, அவன் கையில் கொடுத்தார். நல்லமுத்து அதைச் செய்தித்தாளில் சுற்றினான். விரல்கள் மட்டும் வெளியே தெரிந்தன. இன்னொரு தாளை எடுத்து அவற்றையும் மூடினான்.

"இதையும் அறுப்பியளோ?"

"அறுத்துத்தான் பார்க்கணும் ஐயா." வாசலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டே சொன்னான். "அந்தப் பக்கம் வந்தா பார்க்கிறேன்."

"ஓம். வாங்கோ."

அந்தப் பக்கம் வர அவனுக்கு ஒரு வேலையும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். மோட்டார் சைக்கிள் வளைவில் திரும்புவது கேட்டது.

மேசைமேல் தட்டமும் இரண்டு கோப்பையும் இருந்தன. விநாசித்தம்பி ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு எழுந்தார். கோப்பைகளைப் பார்த்தார். இரண்டு கையிலும் இடமில்லை. துணிப்பை அடுப்படி ஆணியில் தொங்கியது. அதை எடுத்து வந்திருக்கலாம், ஆனால் எடுக்கவில்லை. அவை அப்படியே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை எறும்பு மொய்த்த பிறகுதான் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து, இரண்டு கோப்பையையும் போட்டு எடுத்துப்போய்க் கழுவி வைத்தார். தட்டம் பைக்குள் நுழையவில்லை. அது மேசையிலேயே கிடந்தது.